கயிற்றுக் கட்டில் தழும்பு

காரைக்குடியில் என் கைபடாத கல்யாணப் படம் அந்தக் காலத்தில் குறைவு. என் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். படம் எடுப்பது அவர், எடுத்த முகத்தைப் பார்க்கிற மாதிரி ஆக்குவது நான். ஜன்னலோரம் ஒரு சாய்வுப் பலகை, அதில் ஒரு சின்ன சதுர ஓட்டை, அதன் மேல் நெகட்டிவ், கையில் ஊசியாகச் சீவிய பென்சில். பருவும் தழும்பும் கண்ணுக்குக் கீழே விழுந்த கருப்பும் இருக்கிற இடத்தை நெகட்டிவில் பென்சிலால் நிரப்பிவிட்டால், அச்சில் அந்த இடம் வெளுத்துச் சுத்தமாகிவிடும். இதற்கு டச்சிங் என்று பெயர். எனக்கு எவரைப் பார்த்தாலும் முதலில் கண்ணில் படுவது எதை அழிக்கலாம் என்பதுதான். நல்ல குணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் சோறு போட்ட குணம்.

ஸ்டூடியோவுக்குப் பின்வீட்டில் ஒரு இளம் புருஷன் பெண்டாட்டி குடியிருந்தார்கள். அவன் என் வீட்டுக்காரரை அண்ணே என்பான், என்னை மதினி என்பான். வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. தபால்காரர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தான். ஆர்டர் வரவேண்டியதுதான் பாக்கி. அதற்குமுன் போலீஸ் விசாரித்து, ஆள் மேல் கேஸ் கீஸ் எதுவும் இல்லை என்று எழுதி அனுப்ப வேண்டும். அந்தப் பெண் அதற்குள்ளேயே காக்கிச் சட்டைக்குத் துணி விலை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ, ஒரு சாயங்காலம். சைக்கிளில் பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்திருக்கிறான். டபுள்ஸ் போவது அப்போது குற்றம். பிடித்தால் பெரும்பாலும் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு, நாலு வசவு வைதுவிட்டு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கும் கான்ஸ்டபிள் ஒருத்தர் நிறுத்தி, குனிந்து, இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கியிருக்கிறார். இவன் பேசாமல் தள்ளிக்கொண்டு வந்திருக்கலாம். "ஐயா, காத்தப் புடுங்கிட்டீக சரி. அத எதுல அள்ளிக்கிட்டுப் போவீக?" என்று கேட்டுவிட்டான்.

பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினை. லத்தி அங்கேயே இறங்கியது. இன்னொரு கான்ஸ்டபிளும் வந்து சேர்ந்துகொண்டார். சட்டைக் காலரைப் பிடித்து, நடுத்தெருவில் அடித்துக்கொண்டே ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துப் போனார்கள். அந்தப் பெண் காற்றில்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். உள்ளே கொண்டுபோய் ஜன்னல் கம்பியைப் பிடிக்கச் சொல்லி மறுபடி அடித்தார்கள். எந்த ஸ்டேஷன் என்று நான் சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் ஜாமீனில் வந்தான். வந்தவன் மேல் கேஸ் என்ன தெரியுமா? கடமையைச் செய்துகொண்டிருந்த கான்ஸ்டபிளை இவன் கைநீட்டி அடித்தானாம். தண்டனை என்று ஒன்று விழுந்துவிட்டால் தபால்காரர் வேலை அதோடு போயிற்று.

அவனோ குப்புறப் படுத்துக்கொண்டு என்னிடம், "மதினி, டபுள்ஸ் போனதுக்கு ரெண்டு பேரு சேந்து அடிச்சாக. ட்ரிபிள்ஸ் போகாம இருந்தேனே, அதச் சொல்லுங்க" என்றான். முதுகில் துணி போர்த்தியிருந்தது. நானும் சிரித்துவிட்டு வந்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே கிள்ளிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தேவகோட்டை வக்கீல் ஒருவர் கேஸை எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'லேசான சிராய்ப்பு' என்று எழுதிக் கொடுத்திருந்ததால், காயம் ஆறுவதற்குள் முதுகைப் படம் எடுத்து வைக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் கொல்லையில் நல்ல வெயிலில் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். நான் அப்போது பள்ளத்தூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன்.

நான் திரும்பிய அன்று மேஜையில் ஒரு கட்டு நெகட்டிவ் காத்திருந்தது. ஒரு பெரிய வீட்டுச் செட்டியாரின் அறுபதாங்கல்யாணம். அந்தச் சடங்குப் படங்கள் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்கள் அத்தனை பேரும் மேலுக்குத் துணியில்லாமல், கும்பத்துத் தண்ணீர் சொட்டச் சொட்ட, முன்னும் பின்னுமாக நிற்பார்கள். அந்த வீட்டு ஆச்சியோ படம் வாங்க வரும்போதெல்லாம், "மேலு சுத்தமா இருக்கணும் தாயி" என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லிவிட்டுப் போகிறவர். பங்காளிகள் முதுகையெல்லாம் வரிசையாகச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்தேன். பலகை ஓட்டையில் ஒரு நேரத்துக்கு ஓர் அங்குலம்தான் தெரியும். முகம் இல்லாவிட்டால் ஆளும் தெரியாது.

ஒரு முதுகு மட்டும் என்னை ஒரு வழி பண்ணிவிட்டது. குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. எவரோ மத்தியானம் கயிற்றுக் கட்டிலில் வெறும் உடம்போடு உருண்டுவிட்டு, தழும்போடு சடங்குக்கு வந்து நின்றிருக்கிறார் என்று நினைத்தேன். "ஒரு நாளைக்குப் பாயில படுத்தா என்ன கொள்ளையாம்" என்று வைதுகொண்டே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அழித்தேன். சொல்லக் கூடாது, என் ஆயுளில் செய்த டச்சிங்கில் அதுதான் முதல் தரம்.

என் வீட்டுக்காரர் இரண்டு வேலையையும் ஒரே கொடியில் காயப்போட்டு, ஒரே கட்டாகக் கட்டி வைத்துவிட்டு வெளியூர் போயிருந்தார். அச்சுப்போடுகிற ஆள், அவர் சொல்லிவிட்டுப் போனபடி, வக்கீலுக்குப் போகவேண்டிய அந்த ஒரு படத்தை மட்டும் தனிக் கவரில் ஒட்டி தேவகோட்டைக்கு அனுப்பிவிட்டார். இரண்டு நாளில் வக்கீலே பஸ் ஏறி வந்துவிட்டார். கவரை என் முன்னால் போட்டு, "இந்த முதுகுக்குச் சந்தனந்தாம்மா பூசணும்" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை முதுகு மாதிரி இருந்தது. அன்றுதான் ஊர் திரும்பியிருந்த என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் கட்டில் தழும்பு என்று வைதது அந்தப் பிள்ளை வாங்கின அடியை. அழுதுகொண்டே பஞ்சையும் டர்பன்டைனையும் எடுத்தேன். நெகட்டிவில் பென்சிலைத் துடைத்துவிட்டால் அடியில் இருந்தது அப்படியே வந்துவிடும்.

வக்கீல் என் கையைத் தடுத்தார். "தொடைக்காதீக. இங்குட்டுத் தொடச்சா, ஸ்டூடியோவுல கோடு போட்டாகன்னு சொல்லுவாக. கோர்ட்டுல வந்து தொடைங்க."

"இவ கோர்ட்டுக்கா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அழிச்சது நான். வேற யாரு போவா?" என்றேன்.

விசாரணைக்கு வருவதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. காயம் ஆறி, கோர்ட்டில் காட்டுகிற அளவுக்கு முதுகில் ஒன்றும் இல்லை. தேவகோட்டைக் கோர்ட்டில் இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கூண்டேறினேன்.

சர்க்கார் வக்கீல் எழுந்தார். "படத்துல இருக்குறத மாத்துறது ஒங்க தொழில். அப்படித்தானே?"

"ஆமாங்க."

"அப்ப ஜனங்கள ஏமாத்துறீக."

"கேட்டுத்தாங்க செய்யுறோம். அந்தா ஒக்காந்துருக்காகளே இன்ஸ்பெக்டர் ஐயா, அவுகளும் வந்து கேட்டாக. அம்மைத் தழும்ப எடுத்துக் குடுத்தேன். ஸ்டேஷன் சுவத்துல மாட்டிருக்காகளாம்."

கோர்ட்டு முழுக்கச் சிரித்தது. மாஜிஸ்திரேட் மேஜைக்குக் கீழே எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். அம்மைத் தழும்பு அந்த மனுஷன் செய்த தப்பில்லை, அதைச் சொன்னதற்கு எனக்கு இன்றும் கொஞ்சம் வெட்கம் உண்டு. ஆனால் சர்க்கார் வக்கீல் அதோடு உட்கார்ந்துவிட்டார்.

மாஜிஸ்திரேட்டின் மேஜைக்குப் பக்கத்தில் நின்று துடைத்தேன். பஞ்சில் கருப்பு ஏற ஏற, நெகட்டிவில் ஒவ்வொரு கோடாகத் திறந்துகொண்டே வந்தது. அவர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு கான்ஸ்டபிளைப் பார்த்து, "இத்தன அடியையும் முதுகுல வாங்கிக்கிட்டு இவரு எந்தக் கையால ஒங்கள அடிச்சாரு?" என்று கேட்டார். பிறகு கோர்ட்டு குமாஸ்தா கூடவே இருந்து, உள்ளூர் ஸ்டூடியோவில் அந்த நெகட்டிவை அச்சுப்போட்டு வாங்கிக்கொண்டார்.

தீர்ப்பன்று விடுதலை என்றார்கள், தபால்காரர் வேலைக்கு இருந்த தடையும் அதோடு போயிற்று. அடித்த இரண்டு பேருக்கும் வேறு ஊருக்கு மாற்றல், அவ்வளவுதான். அது எனக்குப் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை. ஆனாலும் அன்றைக்கு எங்களுக்கு இருந்த சந்தோஷத்தில் வராந்தாவில் நின்றுகொண்டே முறுக்கு வாங்கித் தின்றோம். அவன் மாஜிஸ்திரேட் குனிந்ததை நடித்துக் காட்டினான். இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவியதையும் நடித்துக் காட்டினான். அவன் பெண்டாட்டிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

வக்கீல் வந்து, தன்னிடம் இருந்த ஒரு பிரதியைக் கவரோடு அவன் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த கேஸுக்குப் போனார். அவன் சிரித்த முகத்தோடே பிரித்தான். கோர்ட்டில் அவன் கூண்டில் தூரத்தில் நின்றிருந்தான், அதுவரை அவனிடம் எவரும் படத்தைக் காட்டவில்லை. தன் முதுகைத் தானே பார்க்க முடியாது என்பது எனக்கு அந்த நேரம்தான் உறைத்தது.

"இம்புட்டா மதினி?" என்றான்.

அவன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "ரெண்டு மூணு கோடுதான்னு சொன்னியே."

அவள் முறுக்கைத் தாளில் மடித்து வைத்தாள்.

"பதினாலு" என்றாள். "தெனமும் எண்ணெ போடையில எண்ணுவேன். எல்லாம் மறையட்டும், பெறகு சொல்லுவோம்னு இருந்தேன்."

அவன் வாய்க்கு ஒரு வார்த்தைகூட வராமல் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.