ஊசிக்கண் அக்காவின் பின் பிரேக்

வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத வண்டி மூன்றாவது தடவையாகப் பிரேக் பிடிக்காமல் போனபோது ஊசிக்கண் அக்கா பயப்படவில்லை, சந்தேகப்பட்டாள். பயந்ததெல்லாம் முந்தைய தடவை. தண்ணீர்த் தொட்டி இறக்கத்தில், மகள் பின்னால் உட்கார்ந்திருக்க, மிதித்த மிதி சேற்றில் கால் வைத்ததுபோல உள்ளே போய்விட்டது. நின்றிருந்த மணல் லாரியை ஒரு முழ இடைவெளியில் தாண்டி, வண்டி புதருக்குள் போய் நின்றது. மகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அன்றிலிருந்து அவள் கல்லூரிக்குப் பேருந்தில் போகிறாள்.

ஊசிக்கண் என்பது துணி தைக்கும் கம்பெனியில் வைத்த பட்டப்பெயர். பதினெட்டு வருடமாக மெஷினில் உட்காருகிறவள். ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் நாலு மெஷின் தள்ளியிருந்தே பார்த்துவிடுவாள். "அவ பாத்தாச்சுல்ல, அப்புறம் எதுக்கு செக்கிங்?" என்று சூப்பர்வைசரே சொல்வார். எந்தப் பொருளும் தானாகக் கெட்டுப்போகும் என்பதில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. பிசிறு இருந்தால், அதை விட்ட கை ஒன்று இருக்கும்.

இந்தப் பிரேக்கைக் கெடுத்த கை யாருடையது?

கம்பெனி ஊருக்கு வெளியே கல்குவாரிப் பக்கம் இடம் மாறியதால்தான் வண்டி வாங்க வேண்டி வந்தது. அவள் கேட்டது ஸ்கூட்டர். "அந்த ரோட்டுக்குச் சின்ன வீல் தாங்காதுக்கா. பைக் எடு. நான் இருக்கேன்ல" என்றவன் தம்பி. அவன் அதே ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் மெக்கானிக். நாற்பத்திரண்டு வயதில் கியர் வண்டி பழகினாள். முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று யாரோ சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது. கையை அதன் பக்கமே கொண்டுபோக மாட்டாள். நிறுத்துவதெல்லாம் காலால்தான்.

முதல் தடவை தம்பி பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஷூ தேஞ்சு போச்சு. புதுசு போட்டுட்டேன்" என்றான். ஷூ என்பது சக்கரத்தின் டிரம்முக்குள் உரசி வண்டியை நிறுத்தும் இரண்டு பிறைத் துண்டுகள்.

"ஒரு மாசத்துல தேயுமா?"

"சில பீஸ் அப்படித்தான் வந்துரும்."

அந்தச் 'சில பீஸ்' அவள் காதில் இடறியது. சின்ன வயதில் வீட்டு ரேடியோவின் புது பேட்டரியை உருவித் தன் பொம்மைக் காரில் போட்டுக்கொண்டு, தீர்ந்துபோனதை ரேடியோவில் செருகி வைத்தவன் இவன். அன்றும் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "சில பேட்டரி அப்படித்தான்" என்று சொன்னவன். புது ஷூவை யாருக்கோ மாட்டிவிட்டு, யாரோ கழற்றிப் போட்டதைத் துடைத்து அக்கா வண்டியில் வைக்கிறானோ?

இரண்டாவது தடவை அவள் பக்கத்திலேயே நின்றாள்.

"அக்கா, உள்ள போய் உக்காரு. கஸ்டமர் இங்க நிக்கக் கூடாது."

"நான் கஸ்டமரா?"

"அப்ப வெளிச்சத்தையாவது மறைக்காம நில்லு, தாயே."

ஸ்பானர் எடுக்க அவன் திரும்பிய நேரத்தில், கைப்பையிலிருந்த நூல் வெட்டும் கத்தரியின் முனையால் புது ஷூவின் இரும்பு ஓரத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறி கீறினாள். தான் போனதும் இதைக் கழற்றிப் பழையதை மாட்டிவிடுவான், அடுத்த முறை திறக்கும்போது குறி இருக்காது, பார்த்துவிடலாம் என்று இருந்தாள்.

அந்த அடுத்த முறைதான் இப்போது வந்திருக்கிறது. குறி இருக்காது என்பதில் அவளுக்கு எவ்வளவு உறுதி என்றால், திறந்து பார்க்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. முந்தின நாள் மாலையே மகளை உட்காரவைத்துப் புகார் எழுதச் சொன்னாள்.

"மாமா பேரைப் போடணுமாம்மா?"

"மெக்கானிக்னு போடு."

"இருக்கிறது ஒரு மெக்கானிக். மாமான்னு தெரியாதா?"

"நீ படிச்ச படிப்புக்கு எழுத மட்டும் செய்."

காலையில் கடிதத்தை சர்வீஸ் மேனேஜரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார். "சொந்தத் தம்பி மேலயா?"

"வேலைன்னு வந்தா தம்பி என்ன, தாத்தா என்ன."

"யோசிச்சுக்கோங்கம்மா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இது தலைமை ஆபீசுக்குப் போயிரும். போனா அவரை நிறுத்தி வெச்சுட்டுத்தான் விசாரிப்பாங்க. திரும்ப வர்றது சந்தேகம்."

"அனுப்புங்க" என்றாள்.

மதியத்துக்கு மேல்தான் அவள் வண்டிக்கு முறை வந்தது. தம்பிக்குக் கடிதம் பற்றித் தெரியாது. சக்கரத்தைக் கழற்றித் தேய்ந்த ஷூவை வெளியே எடுத்தான். கருகி, கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தது. அவள் அதைப் பிடுங்காத குறையாக வாங்கி ஓரத்தைத் திருப்பினாள்.

கூட்டல் குறி இருந்தது.

தம்பியும் பார்த்தான். "ஷூ செய்யற கம்பெனில பிளஸ் போட்டு அனுப்ப மாட்டாங்களே." குறியைப் பார்த்தான், அவள் கைப்பையைப் பார்த்தான். "நீயா?"

அவள் கைப்பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"பரீட்சையா வெச்ச? பாஸா, ஃபெயிலா?"

குறி இருக்கிறது, பிரேக்கும் போயிருக்கிறது. அப்படியானால் சரக்கே மட்டமா? ஷோரூமே சேர்ந்து ஏமாற்றுகிறதா? மனம் வேறொரு கையைத் தேட ஆரம்பித்தது.

தம்பி புது ஷூவை மாட்டி முடித்தான். "இப்ப என் பரீட்சை. நீ வேலைக்குப் போற மாதிரி ஓட்டு. நான் பின்னாலயே வர்றேன்."

இரண்டு தெரு தாண்டியதும் அவன் முன்னால் வந்து கை காட்டி நிறுத்தினான். "கேட்லேர்ந்து இங்க வரைக்கும் உன் பிரேக் லைட் அணையவே இல்ல."

"பாத்தியா! இதுலயும் ஒரு கோளாறு!"

"கோளாறுதான். குனிஞ்சு பாரு."

குனிந்தாள். வண்டி நின்றுகொண்டிருந்தது. அவளுடைய வலது கால் விரல்கள் பிரேக் மிதி மேல் இருந்தன. மிதி ஒரு விரற்கடை கீழே அமுங்கியிருந்தது.

"மிதிக்கலடா. சும்மா வெச்சிருக்கேன்."

"நீ சும்மா வெச்சாலே அது பாதி பிரேக்கு. டிரம் சூடாகி, ஷூ கருகி, அவசரத்துக்கு மிதிச்சா அங்க என்ன மிச்சம் இருக்கும்? கம்பெனி வரைக்கும் எட்டு கிலோமீட்டரும் பிரேக் மேலேயே ஏறி உக்காந்து போயிருக்க. வண்டி உன்னச் சுமந்துட்டுப் போனதே பெரிசு."

அவள் தன் காலை யாரோ ஒருத்தியின் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். தையல் மெஷினில் வலது கால் மிதியை விட்டு இறங்குவதே கிடையாது. ஒரு துணி முடிந்து அடுத்தது ஊசிக்கு அடியில் வரும் அந்த மூச்சு நேரத்திலும், அரை பாரத்தோடு அது காத்திருக்கும். காலை எடுத்துக் கீழே வைத்தவர்கள் யாரும் அன்றைய டார்கெட்டை முடித்ததில்லை. பதினெட்டு வருடம் சரியாக இருந்த கால்.

சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் ஐந்து மணி ஞாபகம் வந்தது.

"தம்பி, உன் மேல ஒரு லெட்டர் குடுத்திருக்கேன்."

"எப்ப?"

"காலைல."

"காலைலயா? கழட்டிப் பாக்கிறதுக்கு முன்னாடியேவா?"

அவள் தலையாட்டினாள். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

கடிதத்தைத் திருப்பிக் கேட்டபோது மேனேஜர் நம்பவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி மிரட்டினாராம்மா? பயப்படாதீங்க."

"இல்லைங்க, என் கால்தான்."

"காலைல சரக்கை மாத்திட்டான்னீங்க. இப்ப கால்ங்கறீங்க. குடும்பத்துல பேசி முடிச்சுட்டீங்க போல."

காலையில் அவள் எந்தக் கண்ணால் தம்பியைப் பார்த்தாளோ, அதே கண் இப்போது அவள் மேல் நின்றது. "நீங்களே என் பின்னால வந்து பாருங்க" என்றாள்.

வந்தார். அந்தச் சுற்றில் அவள் கால், புதுப்பெண் மாதிரி ஒதுங்கி விறைத்து உட்கார்ந்திருந்தது. விளக்கு ஒருமுறைகூடத் தேவையில்லாமல் எரியவில்லை. "லைட் வரவே இல்லையேம்மா" என்று மேனேஜர் பாதிச் சிரிப்போடு கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நாற்பது.

"இன்னும் ஒரே ஒரு சுற்று."

வேண்டுமென்றே மிதித்துக் காட்டினால் அவர் கண்ணும் ஊசிக்கண்ணாகி, நடிப்பென்று கண்டுபிடித்துவிடும் என்று தெரிந்தது. மிதிக்காமல் ஓட்டினால் தம்பியின் வேலை போய்விடும். என்ன செய்வதென்று தெரியாமலே ஓட்டினாள். கழட்டிப் பாக்கிறதுக்கு முன்னாடியேவா? அவன் கேட்ட குரல்தான் காதில் இருந்தது. கோபம்கூட இல்லாத குரல். நாளைக்கு அவன் வாசலுக்குப் போனால் உள்ளே வா என்பானா, தெரியவில்லை. திருப்பமும் கவனத்தில் இல்லை, கடைகளும் கவனத்தில் இல்லை.

பின்னாலிருந்து நீளமாக ஹாரன் அடித்தது.

திடுக்கிட்டுக் குனிந்தாள். கால் மிதியில் இருந்தது. எடுக்கத் தோன்றியது, எடுக்கவில்லை. மேனேஜர் பக்கத்தில் வந்து, தன் வண்டியைச் சாய்த்து, மிதியையும் காலையும் கண்ணாரப் பார்க்கும்வரை அப்படியே வைத்திருந்தாள்.

கடிதம் ஐந்துக்குச் சில நிமிடங்கள் முன்னால் அவள் கைக்குத் திரும்ப வந்தது. ஷெட்டில் தம்பி வேறொரு வண்டியின் அடியில் படுத்திருந்தான். அவள் செருப்பைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டான்.

"காலைல எத்தனை மணிக்குக் கிளம்புவ?"

"ஏழு."

"நான் ஒரு வாரம் பின்னால வரேன். லைட் எரிஞ்சா ஹாரன் அடிப்பேன்."

"வேண்டாம்டா, நானே பாத்துக்கறேன்."

"பாத்துக்குவேன்னு நீ சொல்ற" என்றது வண்டிக்கு அடியிலிருந்து வந்த குரல். "நான் நம்பணும்ல?"

அவன் வெளியே வரும்வரை அங்கேயே நின்றாள், வெளிச்சத்தை மறைக்காமல் சற்றுத் தள்ளி.