என் காலைப் பார்த்துக் குந்திய நாய்

கண்ணிவெடி தேடுவதற்கு நாய் பழக்குகிற வேலையில், நன்றாகப் பழகிய நாய்தான் முதலில் உங்களை விட்டுப் போகும். நாயோடு மாரடிக்கிற உங்களுக்கு இது விளங்கும்.

நாங்கள் குடியேறிய இந்தப் பனி நாட்டில், பிறம்ரன் நகரில் ஒரு பழைய பண்டகசாலைதான் எங்கள் இடம். மண் பரப்பி, வெடிமருந்துத் துண்டை டப்பாவில் போட்டுப் புதைப்போம். மணம் பிடித்ததும் நாய் குந்த வேண்டும். குந்தினால் பந்து கொடுப்போம். தேறிய நாய், வெடி புதைந்த நாடுகளுக்குப் போகும்.

மச்சானின் பகிடி

கொஞ்சம் தள்ளி வோபர்னில் மச்சானுக்குப் பலசரக்குக் கடை. ஊரில் எங்கள் தோட்டக் கிணற்றடியில் கண்ணிவெடியை மிதித்துத்தான் என் தம்பி செத்தான் என்பது அவனுக்குத் தெரியும். அப்படியிருந்தும் சனம் நிறைந்த கடையில் கேட்டான். அன்றிலிருந்து அங்கே பால்கூட வாங்குவதில்லை. அவன் கேட்டது இதுதான்:

"அத்தான், பிறம்ரனிலை ஆர் கண்ணிவெடி தாட்டது? ஸ்னோவுக்குள்ளையோ தேடுறியள்?"

ராணியின் சோதனை

ராணி கறுப்பு நாய். குட்டியிலிருந்து நான் பழக்கியவள். என்னோடு வந்தால் ஒரு டப்பாவையும் தவறவிடமாட்டாள். ஆனால் சோதனையன்று வேறு ஆட்கள் புதைத்தார்கள். இடம் எனக்குத் தெரியாது. ராணி எல்லா டப்பாவையும் கடந்து நடந்தாள், என்னை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தபடி.

எங்கள் பொறுப்பாளர் அனுஜா, இங்கே பிறந்த பிள்ளை, பழைய வீடியோக்களைப் போட்டுக் காட்டினாள். டப்பா புதைத்த இடத்துக்குக் கிட்டப் போனதும் என் கால் ஒரு கணம் தயங்குகிறது. அது வெடிக்காது என்று எனக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. ஆள் போதாதென்று புதைக்கிற வேலையையும் என் தலையில் கட்டியது அவள்தான். அதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொன்னது இவ்வளவுதான்:

"ஸொறி அங்கிள், ராணி டப்பாவை மணந்து பிடிக்கேல்லை. உங்கடை காலைப் பாத்துத்தான் குந்தியிருக்கிறாள்."

கை மாறிய கயிறு

ராணியை எங்களோடு நாய் பழக்குகிற டேவிட்டிடம் கொடுத்தார்கள். ராணியின் கண்ணில் படக்கூடாதென்று என்னை நாய்க்கூடு கழுவ விட்டார்கள். அவனோடு போய் எல்லா டப்பாவிலும் குந்தித் தேறினாள். விமான நிலையத்துக்கு ஏற்றும்போது வரச்சொன்னார்கள். ராணியோடும் கோபம், நான் போகவில்லை, குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிய கூட்டையே திரும்பவும் கழுவினேன். அவளை ஏற்றிய வான் வண்டி போன பிறகு அனுஜா வந்து பக்கத்தில் நின்றாள்.

"நீங்கள் கோவம் எண்டு அவளுக்கு எப்பிடித் தெரியும், அங்கிள்? வான் கதவு பூட்டும்வரைக்கும் வாசலைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவள்."

மச்சானோடும் அனுஜாவோடும் டேவிட்டோடும் நான் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் ராணி எங்கேயோ ஒரு கிணற்றடியில் குந்தி, யாரோ ஒருவனுடைய தம்பி வீடு திரும்பினால், அவளோடு மட்டும் கோபத்தை விடலாம் என்றிருக்கிறேன்.