மீசை நுனி இல்லாத குளவி

சம்பளம் வாங்கிக்கொண்டு புழு வளர்த்ததுண்டா நீங்கள்? இல்லையென்றால் கொடுத்துவைத்தவர்கள். உண்டென்றால், சகோதரி, இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். கையெல்லாம் ஓலைக் கீறல், சேலையெல்லாம் புழு எச்சம், தலைமயிரில் நூலாம்படை. நம் கூட்டத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எனக்கு வேலை திருவனந்தபுரத்தில், பயிர்ப்பூச்சி ஆபீசில். ஊர் வாயில் அது புழு ஆபீஸ். தென்னோலையைச் சுரண்டித் தின்று, மரத்தையே தீப்பிடித்ததுபோலக் காயவைக்கும் கருந்தலைப் புழு ஒன்று உண்டு. அந்தப் புழுவின்மேல் முட்டையிட்டு, தன் குஞ்சுகளுக்கு அதையே தீனியாக்கும் பொடிக் குளவிகளும் உண்டு. குளவியைத் தோட்டத்தில் விட்டால் புழு குறையும். ஆனால் குளவி வேண்டுமானால் முதலில் புழு வேண்டுமே. ஆகவே பெண்களாகிய நாங்கள் கொட்டகையில் உட்கார்ந்து, புழுவுக்கு வேளாவேளைக்கு ஓலை கொடுத்துக் கொழுக்கவைத்து, பிறகு குளவியிடம் ஒப்படைப்போம்.

அந்தக் கொட்டகையில்தான், அதுவரை எந்தப் புத்தகத்திலும் ஏறாத ஒரு குளவி எங்களுக்குக் கிடைத்தது. இப்போது அது சீமையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் பற்றி அச்சான காகிதத்தை எங்கள் சார் எங்களுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னார். நிறம், சிறகு, கால் எல்லாம் வர்ணித்துவிட்டு, கடைசியில் ‘இடது மீசையின் நுனி இல்லை’ என்று ஒரு வரி. தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பைத்தான் நாங்கள் மீசை என்போம். புது வகை என்று அனுப்பும் பூச்சி முழுசாக இருக்கவேண்டும். குறையிருந்தால் அனுப்பியவருக்குத்தான் தலைகுனிவு. அந்தக் குறை எப்படி வந்தது என்று சாருக்கும் கொட்டகையில் எங்களுக்கும் மட்டும் தெரியும். இனி உங்களுக்கும் தெரியட்டும்.

சர்க்கார் ஊண்

என் பேர் எஸ்தர். இரணியல் பக்கம் சொந்த ஊர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாங் கிளாஸ் படிப்பு. வீட்டுக்காரர் திருவனந்தபுரம் பாளையத்தில் ஒரு தையற்கடையில் இருக்கிறார். வேலைக்குச் சேரும்போது எனக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவள் ரூத், இளையவன் தாசன்.

சேர்ந்த புதிதில் ஒருநாள், தென்னந்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் புழு பிடித்துக் காய்ந்த ஓலைக்கட்டைச் சுமையாக இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். நான் பச்சை ஓலையைத் துடைத்து, நறுக்கி, ஒவ்வொரு குப்பியாகப் போட்டுக்கொண்டிருந்தேன். வாடிய துண்டை எடுத்துவிட்டு, புழுவை மெல்லிய தூரிகையால் புதுத் துண்டுக்கு ஏற்றிவிட்டேன். அவர் நின்று முழுவதையும் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. என் பக்கத்து இருக்கைக்காரி பார்கவியைப் பார்த்து அவர் மலையாளத்தில் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: “என்டெ தெங்கு முழுவனும் தின்னது போராதெ, இனி சர்க்கார் வக ஊணும் உண்டோ?”

திரும்பி வராத கோழிகள்

குளவி கொடுப்பது எங்கள் ஆபீசில் இலவசம். குப்பியில் அடைத்து, பஞ்சால் வாயை மூடி, தோட்டத்தில் எப்படித் திறக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவோம். நெய்யாற்றின்கரை பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து வாங்கிப்போனார். சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். மறுநாளே காலிக் குப்பியோடு வந்துவிட்டார், கோபத்தோடு.

“என்னய ஏமாத்திப்போட்டியளே அம்மா” என்றார். என்ன ஆயிற்று என்று விசாரித்தால், சொன்னபடி மரத்தடியில் திறந்துவிட்டிருக்கிறார். எல்லாம் பறந்துபோயின. நல்லதுதானே என்றேன். அவர் காலிக் குப்பியை என் மேசைமேல் டக்கென்று வைத்தார். “என்னத்த நல்லது? இருட்டுக வரைக்கும் குப்பியத் தொறந்து வச்சுக்கிட்டு நின்னேன், ஒண்ணாவது திரும்ப வந்து அடஞ்சிதா?”

கை மணம்

புழு மணம் சோப்புக்குப் போகாது. காய்ந்த ஓலையும் எச்சமும் கலந்த ஒரு புளித்த மணம். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்துவார். தாசன் மட்டும் தவழ்ந்து ஓடிவருவான். என் கையைப் பிடித்து மோந்து பார்ப்பான். அம்மாதான் என்று நிச்சயமான பிறகே மடியில் ஏறுவான். வேறு யார் கையை நீட்டினாலும் மோந்துவிட்டு உதறிவிடுவான்.

ரூத்துக்கு அது பொறுக்காது. பள்ளிக்கூடத்தில் அவளை ‘புழுக்காரி மொவ’ என்று கூப்பிடுகிற கோபம் வேறு. ஒருநாள் தாசன் என் விரலை ஒவ்வொன்றாக மோந்துகொண்டிருந்தபோது இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து கேட்டாள்: “யம்மா, நீ கொண்டாறது புழுவா, பலகாரமா? இவன் இந்த மோப்பம் புடிக்கான்!”

வேலி

ஒரு வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் எங்கள் சந்தில் வைசூரி வந்தது. தாசனுக்குக் கண்டவுடன், ஊருக்கு வெளியே இருந்த தனிக் கொட்டகைக்கு வண்டியில் கொண்டுபோனார்கள். முன்பே வைசூரி கண்டு பிழைத்தவர்கள்தான் உள்ளே போகலாம். எனக்குக் கண்டதில்லை. என் வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் மைனி, சின்ன வயதில் கண்டு பிழைத்தவள். முகமெல்லாம் தழும்பு. “எம் மூஞ்சியாக்கும் எனக்குப் பாஸு” என்று காவல்காரனிடம் சொல்லிவிட்டு, தாசனைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அப்போதும் சிரிக்கவைத்தாள், பாவி.

நான் வேலிக்கு இந்தப் பக்கம். கொளுத்தும் வெயிலில் மாரில் பால் கட்டி நின்றேன். மைனி அவ்வப்போது வெளியே வந்து எட்ட நின்றபடியே சேதி சொல்லுவாள். முதலில் நல்லதாகவே சொன்னாள். கடைசியாக வந்தபோது வேலியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “பாலு குடுத்தா குடிக்க மாட்டேங்கான். எங் கைய மோந்து பாத்துக்கிட்டு மொகத்தத் திருப்பிக்கிடுகான், எஸ்தரே.”

என் குப்பிகள்

தாசனை அடக்கம் செய்த இடத்துக்கும் என்னை விடவில்லை. ரூத்துக்கு நல்லவேளையாக ஒன்றும் வரவில்லை. ஆபீசில் வேறு ஆள் போட்டிருப்பார்கள் என்று நினைத்துத்தான் திரும்பிப் போனேன். எல்லாரும் என்னைப் பார்த்ததும் ஓலை நறுக்குவதில் மும்முரமாகிவிட்டார்கள். 

என் மேசையில் என் குப்பிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் அன்றைய பச்சை ஓலை. எறும்பு ஏறாமல் மேசைக்கால்களை நிறுத்தியிருக்கும் கிண்ணங்களில் தண்ணீர் விளிம்புவரை இருந்தது. பார்கவி தன் வேலையோடு இதையும் செய்திருக்கிறாள். நான் உட்கார்ந்ததும் தன் கஞ்சியில் பாதியை என் பக்கம் தள்ளிவைத்து, தலைநிமிராமல் சொன்னாள்: “சேச்சி வருமென்னு பறஞ்ஞு, ஞான் ஈ குப்பியொன்னும் ஆர்க்கும் கொடுத்தில்ல.”

எறும்பென்று நினைத்தது

மழை தொடங்கியபின், வேளி என்ற கடலோர ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓலை வந்தது. அதில் செத்த புழு ஒன்றின் பக்கத்தில் சின்னச் சின்னக் கூடுகள். தனிப் பெட்டியில் போட்டுவைத்தேன். ஈரத்தில் பாதிக்கும் மேற்பட்ட கூடுகளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மிஞ்சியவற்றிலிருந்து கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. பார்கவி எறும்பென்று நினைத்து விரலை ஓங்கினாள். சிறகு மினுங்கியதைப் பார்த்து நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்ரீவராகம் அக்கிரகாரத்திலிருந்து வருகிற எங்கள் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். வெளியே வந்தவை மூன்று; அவற்றில் ஆண்கள் இரண்டும் அதற்குள் செத்துவிட்டன. பெண் ஒன்றுதான் உயிரோடு. சார் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், புத்தகத்தைப் புரட்டினார், மறுபடி பார்த்தார். சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டது. சிறகின் நரம்பு ஒரு வகைக்கும் பொருந்தவில்லை என்றார். பிறகு, பிள்ளை பிறந்த வீட்டில் பேசுவதுபோலத் தணிந்த குரலில் எங்களிடம் சொன்னார்: “இதுக்கு இன்னும் யாரும் பேரே வைக்கலைம்மா. ஒரு மயிரிழை கூட உடையாம நம்ம கையிலேருந்து போகணும்.”

தக்கை

கருந்தலைப் புழுவைத்தான் இது தாக்குகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் காகிதத்தில் எழுத முடியும் என்றார் சார். என் புழுக்களில் கொழுத்த ஒன்றைக் குப்பியில் விட்டோம். குளவி அதைக் கொட்டி அசையாமல் கிடத்தி, முதுகில் முட்டையிட்டது. சார் எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டார். முட்டையிட்டபின் அது போய்விடும் என்று நினைத்தோம். போகவில்லை. குஞ்சுகள் பொரிந்து ரவைபோல ஒட்டிக்கொண்டு தின்ன ஆரம்பித்தபிறகும், அவற்றின் மேலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் மீசையால் தொட்டு மோந்து பார்த்தது. நான் தூரிகையை நீட்டினால் வாயைத் திறந்துகொண்டு எதிர்த்து வந்தது. என் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத உருப்படி!

சாருக்கு நிலைகொள்ளவில்லை. அவருடைய சிநேகிதர் ஒருவர் சீமைக்குக் கப்பலேறப் போகிறார், அவர் கையில்தான் பெட்டியைக் கொடுத்தனுப்ப வேண்டும். இது இப்படிக் குஞ்சுகளோடும் ஓலையோடும் உரசிக்கொண்டே இருந்தால் மீசை தேயும், சிறகு கிழியும். குஞ்சுகள் குளவியாகி வெளியே வருவதற்குள் கப்பல் போய்விடும். அவையும் பூஞ்சணத்தில் போனால் கையில் முழுசான பெண் ஒன்றுகூட இல்லை. பூச்சியைக் கொல்லுகிற விஷப்புட்டியின் தக்கையைத் திருகிக்கொண்டே வந்து என் மேசையருகில் நின்றார். “முட்டை போட்டாச்சு, பாத்தாச்சு. இனி என்னத்துக்கு எஸ்தர்? மூளியை அனுப்பினா அங்கே என்னைப் பாத்துச் சிரிப்பாளே” என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் குப்பியைக் கையால் மூடிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். மேலதிகாரியிடம் அப்படி நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை. பார்கவி ஓலைக்கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு சார் தக்கையை இறுக்கி மூடி, புட்டியைத் தன் அறைக்கே கொண்டுபோய்விட்டார். குஞ்சுகள் தின்று முடித்து, புழுவின் தோலுக்குப் பக்கத்தில் வரிசையாகக் கூடு கட்டிக்கொண்டன. அதன்பிறகு தாய்க்குளவி தானாகவே பஞ்சோரமாக ஒதுங்கியது. அப்போது பார்த்தோம், இடது மீசையில் நுனி இல்லை. சார் அப்படியே அதை எடுத்துக்கொண்டு போனார். கூட்டிலிருந்த குஞ்சுகள் கப்பல் போனபிறகு நல்லபடியாக வெளியே வந்தன. இன்று வேளித் தோட்டங்களுக்குப் போகிற குப்பிகளில் இருப்பது அவற்றின் வம்சம்தான்.

சீமையிலிருக்கும் பெரியவர்கள் ஒரு மீசை நுனி குறைந்ததற்கு ஒரு வரி எழுதினார்களே தவிர காரணம் கேட்டு ஆளனுப்பவில்லை என்பதால், அன்று நான் சாரிடம் கேட்டுக்கொண்டதை நானே இங்கே எழுதிவைத்துவிடுகிறேன்: “சார், பிள்ளைங்க கூடு கட்டுக வரைக்கும் அவ அதுங்க பக்கத்துலயே இருந்துக்கிடட்டும் சார்.”