வெள்ளை டயரும் கண்ணாடி வளையலும்

ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. உலகத்தில் ரப்பரைப் பற்றித் தங்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைப்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அது கொஞ்சம் தூக்கல். மலாய் நாட்டில், ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். ஆபீஸ் வேலை போக, புகை போட்டு எடுத்த ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிப்பதையும் அவரே நின்று பார்ப்பார். ஒரு ஷீட்டை வெயிலுக்கு நேரே தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நோட்டம் விடுவார். தேன் நிறத்தில் வெளிச்சம் தெரிந்தால் முதல் தரம். கறுத்திருந்தால் புகை மிஞ்சிவிட்டது என்று மூலையில் வீசிவிடுவார். வீட்டில் நான் அப்பளம் பொரித்து வைத்தால் அதையும் அப்படித்தான் தூக்கிப் பார்ப்பார்.

ரப்பர் விலை படுத்துவிட்ட காலம் அது. எங்கள் துரை தோட்டத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சீமைக்குக் கிளம்பினார். அவரிடம் ஒரு கார் இருந்தது. மற்ற துரைமார்களின் கார்களுக்குத் துணிக் கூரைதான் இருக்கும். இதற்கு இரும்புக் கூரை, சுற்றிலும் கண்ணாடி, உள்ளே தோல் மெத்தை. முன்பக்கம் முதலை மூக்கு மாதிரி நீளம். அந்த மூக்குக்குள் ஆறு சிலிண்டர் இருப்பதாக என் வீட்டுக்காரர் சொல்லும்போது, அந்த ஆறையும் அவரே பெற்றது போல இருக்கும். அந்த நேரத்தில் அப்படிப்பட்ட வண்டியை வாங்க யாரும் முன்வரவில்லை. துரை அதை இவர் தலையில் கட்டிவிட்டுக் கப்பலேறினார். இவரோ தலையில் கிரீடம் ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

துரை ஓட்டியபோது ரயிலையே பின்னால் விட்ட வண்டி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். இருக்கலாம். இவர் ஓட்டியபோது எங்கள் தோட்டத்துக் கோழிகள் அதை முந்திக்கொண்டு போனதைத்தான் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கொடுத்த துரை டயர்களை மட்டும் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் கொடுத்தார். உள்ளேயிருக்கும் துணி இழை வெளியே எட்டிப் பார்த்தது. டயர் மாற்றாமல் தோட்டத்து வாசலைத் தாண்ட முடியாது. வண்டி கொட்டகையில் நிற்க, இவர் தினமும் அதைத் துடைத்துக்கொண்டு இருக்க, அது பாட்டுக்கு வேடிக்கையாகவே போயிருக்கும். என் தங்கச்சி ஒருத்தி இருந்ததால் அப்படிப் போகவில்லை.

அவளைத் தங்காக்கில் ஜவுளிக்கடை வைத்திருந்தவருக்குக் கொடுத்திருந்தோம். அப்போது அவள் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். எங்களுக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அவளுக்குத் தாய்வீடு என்றால் நான்தான். ஏழாம் மாதம் வளையல் போட்டு, பிரசவத்துக்கு என் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அவள் மாமியாரோ, "தாயில்லாத பொண்ணு. தாய்வீட்டு வளையல் வருதோ என்னவோ, யாருக்குத் தெரியும்?" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாராம். கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார். பிள்ளைத்தாய்ச்சியை ரயிலிலும் லாரியிலும் மாற்றி மாற்றி ஏற்றி அனுப்ப முடியாது, கார் கொண்டுவந்தால் அனுப்புகிறேன் என்று. துணி மூட்டையோடு எங்கள் தோட்டத்துக்கு வரும் வியாபாரிதான் இதையெல்லாம் வந்து சொன்னார். "தங்கச்சி உங்களைத்தான் நம்பிக்கிட்டிருக்கும்மா" என்றார். நான் உள்ளே போய் அடுப்பைப் பார்ப்பது போல நின்று அழுதேன்.

அன்றைக்கே என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, எந்த டயரா இருந்தாலும் சரி, வாங்கி மாட்டுங்க. அந்த நாளைக்கு நாம அங்க இருக்கணும்."

"எந்த டயரா இருந்தாலும் சரியா? இது என்ன மாட்டு வண்டியா? வேகம் போற வண்டி. அதுக்குன்னு பாத்து வாங்கணும்" என்றார். பார்க்கத் தொடங்கினார்.

குளுவாங்கில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடை. நானும் கூடப் போயிருந்தேன். தவுக்கே இரண்டு விதமான டயர்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று கரி மாதிரி கறுப்பு, அப்போதுதான் புதிதாக வரத் தொடங்கியிருந்தது. இன்னொன்று பழைய மாதிரி, பால் வெள்ளையும் சாம்பலும் கலந்த நிறம். எது நல்லது என்று கேட்டோம். தவுக்கே கறுப்பைத் தட்டி "இனி பாகுஸ்" என்றார், வெள்ளையைத் தட்டி "இத்து பாகுஸ்" என்றார். இதுவும் நல்லது, அதுவும் நல்லது. அவருக்கு எது போனாலும் சரி.

என் வீட்டுக்காரர் கோட்டுக் கையை மடித்துக்கொண்டார். கறுப்பு டயரை முகர்ந்தார். நகத்தால் கீறினார். பிறகு அதை இரண்டு கையாலும் வாசலுக்குத் தூக்கிப் போய், வெயிலுக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார். தடி டயருக்குள் என்ன வெளிச்சம் தெரியப் போகிறது? முகம் சுளித்துக் கீழே வைத்தார்.

"புகை மிஞ்சிப்போன சரக்கு" என்றார்.

"எனக்குக் கறுப்புதாங்க நல்லா இருக்கு" என்றேன்.

"ஏன்?"

"செம்மண் ரோடு. கறுப்புன்னா அழுக்கு தெரியாது, தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவ வேண்டியதில்ல."

அவர் தவுக்கேயைப் பார்த்துச் சிரித்தார். தவுக்கேக்கு ஒன்றும் புரியாமலே அவரும் சிரித்தார். "டயர் என்ன கண்டாங்கிச் சேலையா, அழுக்கு தெரியுமா தெரியாதான்னு பாத்து எடுக்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அதைத் தவிர வேறு நியாயம் என்னிடம் இல்லை என்பதும் உண்மை.

ஒருவர் முடிவு போதாது என்று, இரண்டிலும் ஒவ்வொன்றை இரவல் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். புகை போடும் வீட்டுக்கு முன்னால் சாக்கு விரித்து இரண்டையும் வைத்தார். மரத்தில் பால் எடுக்கிறவர்கள், ஷீட்டு அடிக்கிறவர்கள், புகைக்கு விறகு போடுகிறவர், கங்காணி என்று தோட்டமே வந்துவிட்டது. யாரும் காரில் ஏறியதில்லை. ஆனால் ரப்பர் தெரியாதவர் என்று அங்கே யாரும் இல்லையே. ஒவ்வொருவராக வந்து முகர்ந்தார்கள், அமுக்கினார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"இந்த மாதிரி கறுத்து ஒரு ஷீட்டு வந்தா கிராணியார் எங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிருவார்" என்றார் விறகு போடுகிறவர். "வெள்ளைக்காரன் கண்ணைக் கட்டி வித்திருக்கான் போல" என்றார் கங்காணி. வெள்ளை டயரைத் தடவிப் பார்த்த ஒரு பெண், "பாலை அப்படியே உறைய வச்ச மாதிரி இருக்கு, கலப்படமே இல்ல" என்றாள். இப்படியாகத் தோட்டம் முழுக்க ஒரே வாக்காக வெள்ளை டயரைத் தேர்ந்தெடுத்தது. என் பக்கம் நான் மட்டும்தான் நின்றேன், அதுவும் அழுக்குக்காக.

வெள்ளை டயர்கள் மாட்டியதும் வண்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வளைகாப்பு அன்று விடியற்காலையில் கிளம்பினோம். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் நல்ல நேரம் என்று குறித்திருந்தார்கள். பின் சீட்டில் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் பாத்திரம் பாத்திரமாக. வாழையிலைக் கட்டும் அதை நறுக்க ஒரு அரிவாளும். வளையல்களை என் பருத்திச் சேலைகளில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டேன். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். அவளுக்கு எந்த அளவு சரியாக இருக்கும் என்று கடையில் என் கையிலேயே போட்டுப் பார்த்து எடுத்தவை. சின்ன வயதிலிருந்து என் வளையல் அவளுக்கும் சேரும்.

முதல் டயர் யோங் பெங் ஊரைத் தாண்டி வெடித்தது. துப்பாக்கி சுட்டது போல ஒரு சத்தம். இவர் இறங்கிப் பார்த்து, "கல்லு குத்திருச்சு" என்றார். கல்லைத் தேடினோம், காணவில்லை. மாற்றுச் சக்கரத்தை மாட்டினார். அதுவும் வெள்ளைதான். மூவாரில் ஆற்றைக் கடக்க, வண்டி ஏற்றும் படகுக்குக் காத்திருந்து, அக்கரை ஏறி, தங்காக் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று கிழிந்தது. இந்த முறை கல்லைப் பற்றி அவர் பேசவில்லை. டயர் வாய் பிளந்து கிடந்தது. டியூப் துண்டு துண்டாக ரோட்டில் கிடந்தது. இனி மாற்ற ஒன்றும் இல்லை.

பொழுது மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. நான் மடியில் வளையலோடு ரோட்டோரத்தில் நின்றேன். தங்கச்சி இந்நேரம் மணையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மாமியார் சொன்ன வார்த்தை பலித்துவிடுமோ என்று பயமாக இருந்தது. என் வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்து, கிழிந்த துண்டு ஒன்றை எடுத்தார். எடுத்தவர் என்ன செய்தார் தெரியுமா? வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"ஷீட்டு நல்ல ஷீட்டுதான். டயர் செஞ்சவன்தான் சரியில்ல" என்றார்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அதை அப்புறம் தரம் பிரிக்கலாம். இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று கத்தினேன்.

அவர் ரோட்டோரத்தைப் பார்த்தார். ஆள் உயரத்துக்கு லாலான் புல். டியூப் போய்விட்டால் டயருக்குள் புல்லைத் திணித்து ஓட்டுகிறவர்கள் உண்டு என்று துரை ஒருமுறை சொல்லியிருந்தாராம். இலை நறுக்கக் கொண்டுபோன அரிவாளை எடுத்து நான் அறுத்தேன். லாலான் ஓரம் கத்தி மாதிரி. கை முழுக்கக் கீறியது. அவர் வெள்ளைக் கோட்டோடு மண்ணில் உட்கார்ந்து, புல்லை டயருக்குள் குத்திக் குத்தி அடைத்தார். திணித்து முடித்து, என் பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்துப் பிளந்த வாயை இறுக்கிக் கட்டினோம்.

ரயிலை முந்திய வண்டி அதற்குப் பிறகு தடக் தடக் என்று நொண்டிக்கொண்டு போனது. சைக்கிளில் போன ஒரு மலாய்க்காரர் திரும்பிப் பார்த்து, அடக் கடவுளே என்பது போல "அலமாக்!" என்று சொல்லி முந்திக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் நேரே பார்த்து ஓட்டினார். நானும் வாய் திறக்கவில்லை. அப்படி நான் வாய் மூடி இருந்தது எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று பின்னாளில் அவர் சொல்வார்.

தங்காக் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வாசலில் நின்ற மாமியார் சக்கரத்தில் பிதுங்கிய புல்லைப் பார்த்தார், சேலைக் கட்டைப் பார்த்தார். "கார்ல வருவாங்கன்னு சொன்னா. வைக்கப்போருல்ல வந்திருக்கு!" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து, "சீக்கிரம் உள்ள போம்மா. மத்தியானத்துலேர்ந்து யாரு வந்து கூப்பிட்டாலும் கையை நீட்ட மாட்டேங்குறா" என்றார்.

தங்கச்சி மணையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தக் கைகளை வெளியே எடுத்து நீட்டினாள். நான் முதல் வளையலைப் போட்டேன். அவள் என் கீறல்களைப் பார்த்து, "கையெல்லாம் என்னக்கா?" என்றாள். "உன் மாமா டயர் வாங்கின கதை, அப்புறம் சொல்றேன்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள், நானும் அழுதேன். அவளுக்கு நான் இருக்கிறேன் என்று அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு அது போதும்.

அடுத்த நாள் என் வீட்டுக்காரர் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மூவாருக்குப் போனார். சாயங்காலம் வண்டிக்கு வேண்டிய டயர்களோடு ஒரு லாரியில் வந்து இறங்கினார். எல்லாம் கறுப்பு. முகர்ந்து பார்த்தீர்களா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவரே, "அழுக்கு தெரியாதுன்னியே, அதான்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரி கலந்த கறுப்பு டயர்தான் அதிகம் உழைக்கும் என்று சாகும்வரை அவர் வாயால் சொன்னதில்லை.

தங்கச்சியைப் பின் சீட்டில் தலையணைகளுக்கு நடுவே உட்கார வைத்துக் கிளம்பினோம். புது டயர், நல்ல வண்டி, இப்போதாவது பறப்பார் என்று நினைத்தேன். வண்டி நகர்ந்ததா என்பதே சந்தேகமாக இருந்தது. ஒரு பள்ளத்தில் இறங்கியபோது பின்னால் அவள் வளையல்கள் கலகலவென்று குலுங்கின. இவர் உடனே இன்னும் மெதுவாக்கினார். அப்புறம்தான் கவனித்தேன், வேகம் காட்டும் முள்ளையோ ரோட்டையோ விட அவர் காது அந்த வளையல் சத்தத்தில்தான் இருந்தது. பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரன் பொறுமை இழந்து கத்தினான். இவர் ஓரம் கட்டி, "போகட்டும், அவனுக்கு என்ன அவசரமோ" என்று வழி விட்டார். மாட்டு வண்டி எங்களை முந்திக்கொண்டு போனது.

எத்தனையோ வருஷம் அந்த மனிதரைக் கேலி செய்தே காலம் கழித்திருக்கிறேன். அந்த ரோட்டில் மட்டும் கேலி செய்ய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பின்னால் தங்கச்சி தூங்கிப்போனாள். ரெங்கம் வந்து சேரும்வரை அவள் வளையல் சத்தமே கேட்கவில்லை.