‘தானாக விழுந்தது’

என்னைக் காரால் இடித்துத் தள்ளிய பெண்மணி மூன்றாம் நாள் மாலை ஒரு பூங்கொத்தோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகருக்கு நான் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இங்கே வேலைக்கும் கடைக்கும் குழந்தையின் பள்ளிக்கும் சைக்கிளில்தான் போய்வருகிறோம். அன்று காலை சைக்கிள்களுக்கென்றே போட்ட பாதையில் நான் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்துச் சாலையில் வந்த கார் என்னைக் கவனிக்காமல் வலப்புறம் திரும்பிவிட்டது. விழுந்ததில் வலது காறை எலும்பு இரண்டாகிவிட்டது. ஓட்டியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, பெயர் வில்மா. ஆம்புலன்ஸ் வரும்வரை என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தவர் இப்போது பூவோடு வந்திருந்தார்.

என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். இவர் எதற்காக வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். முதலில் நலம் விசாரிப்பார், பிறகு தன் வயதைச் சொல்வார், கடைசியில் வழக்கு கிழக்கு என்று போகவேண்டாமே என்பார். அவருக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கவேண்டாம் என்று நானே முந்திக்கொண்டு, "பரவாயில்லை, தப்பு என் மேலும் இருக்கிறது" என்றேன். வில்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "தலையிலும் அடிபட்டதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின் ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்? நீங்கள் நேராகப் போனீர்கள். நான்தான் பார்க்கவில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்" என்றார். தான் எங்கே திரும்பினார், நான் எங்கே இருந்தேன் என்று அம்புக்குறி போட்டு வரைந்த படத்தின் நகலையும் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கிளம்பும்போது கதவருகே நின்று தயங்கினார். இதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டார். "உங்கள் வீட்டில் பூச்சாடி இருக்கிறதா?"

அவர் போனபிறகு வெகுநேரம் நான் எழுந்திருக்கவில்லை. இப்படி ஒருவர் கையில் எதையோ வாங்கிக்கொண்டு அடிபட்டவரைப் பார்க்க வந்ததை ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் இருப்பவர்களும் என்னைப்போலக் கடன் வாங்கி விமானம் ஏறியவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே தவறிவிட்டார். அம்மாவால் வேலைக்குப் போக முடியாது. சாந்தி அக்கா பத்தாவதோடு நின்று விசைத்தறிப் பட்டறைக்குப் போனாள். அவளுடைய தறிக் கூலியில்தான் வீடு நடந்தது, நான் பொறியியல் முடித்தேன். மேற்படிப்புக்கு இங்கே இடம் கிடைத்தபோது வங்கிக் கடனுக்கு ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வைத்திருந்த ஒருவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், மாமன் முறை. அவர் சம்மதித்திருந்தார். வெள்ளிக்கிழமை வங்கிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை காலை அக்கா பட்டறைக்கும் நான் பேருந்து நிறுத்தத்துக்கும் ஒன்றாகக் கிளம்பினோம். அவள் தன்னுடைய லேடீஸ் சைக்கிளில் முன்னால், நான் பழைய சைக்கிளில் பத்தடி பின்னால். அக்கா எப்போதும் வேகமாக மிதிப்பாள். டிபன் வாளி ஹாண்டிலில் ஆடிக்கொண்டு போகும். எனக்குப் பின்னாலிருந்து வந்த வெள்ளைக் கார் என்னைத் தாண்டி, எதிரே வந்த லாரிக்காக இடப்பக்கம் ஒடித்து அக்காவின் சைக்கிளை இடித்தது. அக்கா சாலையோரக் கல்லில் போய் விழுந்தாள். கார் கொஞ்ச தூரம் போய் நின்றது. இறங்கியவன் மாமாவின் மகன். என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். இத்தனை வருடமாக நான் சொல்லாமல் வைத்திருந்தது இவ்வளவுதான்.

ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முழங்கால் சில்லு நொறுங்கியிருந்தது. மாலையில் மாமா வந்தார். கையில் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் இருந்தன. அக்காவின் தலையைத் தொட்டு, "ஒண்ணும் ஆகாது சாமி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. பிறகு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"ஆஸ்பத்திரிச் செலவு பூராவும் நான் பாத்துக்கறேன் மாப்பிள்ளை. பையனுக்குப் பொண்ணு பேசிக்கிட்டிருக்கறம். இந்நேரத்துல கேஸுன்னு போனா நல்லாவா இருக்கும்?"

என் தோளைத் தட்டினார்.

"வெள்ளிக்கெழம பேங்குக்கு வாரேன். நீ அதப் பத்திக் கவலைப்படாதே" என்றார்.

கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அப்படி மிரட்டியிருந்தால் ஒருவேளை எனக்குக் கோபம் வந்திருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னார், அவ்வளவுதான். கோத்துப் பார்த்துக்கொண்டவன் நான். உள்ளே போய் அக்காவின் கட்டிலருகே குனிந்து, "அக்கா, போலீஸ் வந்து கேட்டா தானா விழுந்துட்டேன்னு சொல்லிரு" என்றேன். அவள் காரணம் கேட்கவில்லை. "வெள்ளிக்கெழம பேங்கு வேல முடிஞ்சிருமா?" என்று மட்டும் கேட்டாள். ஏட்டு வந்தபோது கல் தடுக்கி விழுந்ததாகச் சொன்னாள். "கூட ஆரும் வரலையா?" என்று அவர் கேட்டதற்கு, நான் முன்னாலேயே போய்விட்டதாகவும் எதையும் பார்க்கவில்லை என்றும் நான் சொன்னேன். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ‘சைக்கிளிலிருந்து தானாக விழுந்தது’ என்று எழுதினார்கள். இரண்டு மாதத்தில் நான் விமானம் ஏறினேன். அக்கா ஊன்றுகோலோடு வாசல்வரை வந்து நின்றாள்.

வில்மா வந்துபோன பிறகு காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். நெடிய மனிதர், மெதுவாகப் பேசுபவர். மருத்துவச் செலவு, சம்பள இழப்பு எல்லாம் விளக்கிவிட்டு, தனியாக ‘ஸ்மார்ட்டன்ஹெல்ட்’ என்று ஒன்று உண்டு என்றார். ஹெல்ட் என்றால் பணம் என்று தெரியும். ஸ்மார்ட் என்றதும் நான் ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு, "இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே வருகிறது?" என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி புரியவில்லை. பிறகு புரிந்துகொண்டு, "இல்லை, எங்கள் மொழியில் அது துயரம். நீங்கள் பட்ட துன்பத்துக்கான பணம்" என்றார். விபத்துக்குப் பிறகு எதையெல்லாம் செய்ய முடியவில்லை என்று கேட்டார். மகளைத் தூக்க முடியவில்லை, தலை சீவ முடியவில்லை, இடப்பக்கமாகவே படுத்துப் படுத்து இடுப்பு வலிக்கிறது என்றெல்லாம் சொன்னேன். எதையும் அற்பம் என்று ஒதுக்காமல் எழுதிக்கொண்டார். என் தோளுக்கு வந்த ஒவ்வொரு சிரமத்தையும் ஒரு வேற்று நாட்டுக்காரர் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறார். என் அக்காவிடம் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. நான் கேட்டதில்லை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் "கால் எப்பிடி இருக்குது?" என்பேன். "இருக்குது" என்பாள். அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம்.

ஆறு மாதத்தில் பணம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

அக்காவுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. மச்சான் டீக்கடை வைத்திருக்கிறார், நல்ல மனிதர். நாலு தறிக்கு நடுவே நாளெல்லாம் நின்று ஓட்டிக்கொண்டிருந்தவள், அடிபட்டபிறகு உட்கார்ந்தபடி நூல் சுற்றும் வேலைக்கு மாறிவிட்டாள். அதற்குக் கூலி குறைவு. நான் போன மறுநாள் மதியம், அவள் நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தபோது கேட்டேன்.

"அக்கா, அடிபட்டதுக்கப்பறம் உன்னால என்னென்ன செய்ய முடியல?"

"ஏஞ்சாமி, இப்ப திடீர்னு?"

"சும்மா சொல்லு."

கத்தியை நிறுத்திவிட்டு யோசித்தாள். "கீழ உக்காந்தா எந்திரிக்க முடியறதில்ல. மல மேல படியேறிப் போயி சாமி கும்புடறதில்ல, பஸ்ஸுலதான் போறது. மழ வந்தா குத்தும்." அடுத்த காயைக் கையில் எடுத்துக்கொண்டு, "அப்பறம் சைக்கிளு" என்றாள். "சைக்கிள் இருந்தப்ப ஆரையும் கேக்க வேண்டியதில்ல. நெனச்சா ஏறிப் போயிருவேன். இப்ப எங்க போறதுன்னாலும் இவுங்கள வண்டி எடுக்கச் சொல்லோணும், இல்லீனா பஸ்ஸுக்கு நிக்கோணும். அதுதாங் கஷ்டம். மத்ததெல்லாம் பழகிப்போச்சு."

எனக்கு வந்த பணத்தைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் அவளுக்குத்தான் என்றேன். அவள் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. "அது உன்ற தோளுக்குக் குடுத்தது. என்ற காலுக்கு எப்பிடிச் சேரும்?" என்று சொல்லிவிட்டுக் காயை அரியத் தொடங்கினாள்.

அப்படியானால் அவள் காலுக்குச் சேரவேண்டியதையே கேட்போம் என்று பிடிவாதம் பிடித்தேன். மாமா பக்கவாதத்தில் படுத்திருந்தார். மகன் வடக்கே எங்கோ ரிக் வண்டிகளோடு இருந்தான். அக்காவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்துவிட்டு, "சரி, போயிட்டு வரலாம்" என்றாள். ஆஸ்பத்திரியில் பதிவேட்டின் நகலை வாங்கிக்கொண்டு திருச்செங்கோட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் அலுவலகம் மாடியில் இருந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாள்.

வக்கீல் நகலைப் படித்தார். "தானா விழுந்ததுன்னு இருக்குதுங்களே. எஃப்.ஐ.ஆரும் இல்லை. காலமும் கடந்து போச்சுங்க" என்றார். பிறகு ஏதோ நினைத்தவராக, "அன்னிக்கிக் கண்ணால பாத்தவங்க ஆராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "ஆருமில்லீங்க. தம்பி கூடத்தான் கெளம்பினான். ஆனா முன்னாலயே போயிட்டானுங்க. அவன் பாக்கலீங்க."

பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் ஏட்டிடம் சொன்ன அதே வாக்கியம். அவள் அதை என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தாள்.

"பாத்தனுங்க. பின்னாலதான் வந்தேன். கார் இடிச்சத முழுசாப் பாத்தனுங்க" என்றேன்.

வக்கீல் பேனாவை மூடினார். "அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா எல்லாம் கெடச்சிருக்குமுங்க. ஏனுங்க சொல்லல?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "படிக்கப் போகோணும்னு இருந்தானுங்க. சின்னப் பையன்" என்றாள். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. சின்னப் பையன் இல்லை. வக்கீல் பீஸ் வாங்க மறுத்துவிட்டார். அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

படியிறங்கும்போது என் நல்ல தோளில் கை வைத்துக்கொள்ளச் சொன்னேன். வைத்துக்கொண்டாள். பாதியில் நின்று மூச்சு வாங்கும்போது, "உனக்கு மனசு ஆறட்டும்னுதான் வந்தேன். ஆறுச்சா?" என்று கேட்டாள். "இல்லக்கா" என்றேன். "எனக்கு அன்னிக்கிக் காலு போனதுகூடப் பெருசாத் தெரியல. மாமா கொண்டாந்த ஆரஞ்சுப் பழத்த உரிச்சு நீயே எனக்கு ஊட்டுன பாரு, அதுதான் முழுங்க முடியல" என்றாள். இத்தனை வருடத்தில் அதைப் பற்றி அவள் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். அதன்பிறகு இன்றுவரை சொன்னதில்லை. பணம் நான் கொண்டுபோன மாதிரியே என்னோடு திரும்பி வந்தது.

கீழே வந்தோம். பேருந்து நிறுத்தம் சாலைக்கு அந்தப் பக்கம். நெதர்லாந்தில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாகப் போகும்; அந்தப் பழக்கத்தில் நான் இடப்பக்கம் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை, காலை எடுத்து வைத்தேன். அக்கா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். வலப்பக்கத்திலிருந்து வந்த டவுன் பஸ் காற்றை முகத்தில் அடித்துவிட்டுப் போயிற்று. "இங்க சோத்தாங்கைப் பக்கம் பாக்கோணுஞ் சாமி. மறந்துபோச்சா?" என்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, என்னைச் சாலையின் அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

ஐந்தோவன் திரும்பிய முதல் காலை, கடைக்குப் போக வீட்டைவிட்டு இறங்கினேன். அக்கா சொன்னபடி வலப்பக்கம் பார்த்துவிட்டு நடந்தேன். இடப்பக்கத்திலிருந்து ஒரு மணிச் சத்தம். கல்லூரிப் பெண் ஒருத்தி பிரேக்கைப் பிடித்து, என்னைச் சுற்றிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். இப்போதெல்லாம் எந்தச் சாலையோரத்திலும் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை என்று தெரிந்த பிறகும், சட்டையைப் பிடித்து இழுக்க யாராவது பின்னால் இருக்கிறார்களா என்று பார்ப்பவன்போல, ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் இறங்குகிறேன்.