அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது

அம்மா அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படிக்கச் சேர்ந்த புதிதில் பாடங்கள் தமிழ்நாட்டிலிருந்து தபாலில் வரும். மும்பை தாராவியில் எங்கள் சந்துக்குள் தபால்காரர் நுழைய மாட்டார். முனைக் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு. பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவை என்னிடம் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட புடவையில் கிளம்புவாள். வாரத்தில் அவளை யாரும் எதற்கும் கூப்பிடாத நேரம் அது ஒன்றுதான்.

பிறகு வகுப்பு, தேர்வு எல்லாம் போனுக்குள் வந்துவிட்டன. இனி யாரும் எங்கிருந்தும் படிக்கலாம் என்று பெருமையாக அறிவித்தார்கள். தேர்வெழுத ஒரு விதி: போன் கேமராவைத் திறந்து வைக்க வேண்டும், அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, வேறு குரல் கேட்கக் கூடாது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல். எங்களுக்கு இருப்பதே ஒரு அறை. அடுப்பும் அதில்தான், அப்பாவின் கட்டிலும் அதில்தான். விதியை எழுதிய மகராசன் வீட்டில் எத்தனை அறையோ.

எங்கள் சந்தில் ஒரு வீட்டில் பிரசவமோ விசேஷமோ என்றால், மற்ற வீடுகள் ஆட்களைப் பிரித்துக்கொள்ளும். அம்மாவின் கடைசித் தேர்வன்றும் அப்படித்தான். என்னையும் தம்பியையும் எதிர்வீட்டில் கூப்பிட்டுக்கொண்டார்கள். இட்லிக்கார அக்கா கிரைண்டரை நிறுத்தினாள். மாடியில் பை தைக்கும் பாய் மெஷின்களை நிறுத்தினார். சந்தே வாயைப் பொத்திக்கொண்டது. அப்பாவை மட்டும் அசைக்க முடியவில்லை. தொட்டுத் தூக்கினாலே வலியில் துடிப்பார். கட்டிலை மறைத்து ஒரு புடவையைக் கட்டினோம். சத்தமே காட்டமாட்டேன் என்று குழறிக் குழறிச் சொன்னார்.

முக்கால்வாசி எழுதியிருந்தபோது அவருக்கு இருமல் வந்தது. துண்டை வாயில் திணித்து அடக்கப் பார்த்திருக்கிறார். மூச்சு முட்டிவிட்டது. அம்மா எழுந்து ஓடித் துண்டைப் பிடுங்கி, தண்ணீர் கொடுத்தாள். திரும்பி வந்தபோது தேர்வு ரத்தாகியிருந்தது.

அப்பா அழுதார். "கொஞ்சம் பொறுத்திருக்கணும்ளா. உம் படிப்பக் கெடுத்துட்டேன்."

"சவத்த விடுங்க. அடுத்த தடவ எழுதிக்கிடுதேன்" என்றாள் அம்மா, அவர் நெஞ்சைத் தடவியபடி.

அதன்பின் ஒவ்வொரு இருமலுக்கும் அவர் அம்மாவைத் தப்புப் பண்ணியவர் மாதிரி பார்ப்பார்.

அந்த மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அடுத்த தேர்வு வந்தது. இட்லிக்கார அக்கா கேட்காமலே கிரைண்டரை நிறுத்தினாள். நானும் தம்பியும் எதிர்வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தோம். அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லி போன் கேட்டது. அம்மா சுவர்களைக் காட்டினாள், அடுப்பைக் காட்டினாள், அப்பாவின் கட்டில் கிடந்த இடத்தையும் காட்டினாள். வேறு யாரும் இல்லை, தொடங்கலாம் என்று திரையில் எழுத்து வந்ததாம். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்து கதவைத் திறந்து எங்களை உள்ளே கூப்பிட்டாள்.