சிவப்பழமும் நாலு குப்பிக் கள்ளும்

என் வண்டிக் குதிரைக்கு ஒரு கண் தெரியாது. ஆனால் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த கள்ளுக்கடை நன்றாகத் தெரியும். அங்கே வந்தால் தானாக நின்றுவிடும். பழக்கியதே நான்தான் என்று என்னைத் திட்டுவாள் என் மனைவி. பழைய சொந்தக்காரன் பழக்கியது. நான் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பி.ஏ. ரிசல்ட் வந்த அன்று மத்தியானம் இரண்டு மாணவர்கள் வண்டியில் ஏறினார்கள். ஒருவன் ஆரியசாலை மொத்த வியாபாரியின் மகன், வாய்ச்சவடால்காரன். மற்றவன் வலியசாலை அக்ரகாரத்துப் பையன், வாயே திறக்கமாட்டான். இரண்டு தடவை தோற்று அன்றுதான் பாஸாகியிருந்தான். பாஸானால்தான் பெண் என்று சொல்லியிருந்தார் திருநெல்வேலிக்காரர் ஒருவர். அந்தப் பெண்ணுக்காகவே முட்டி முட்டிப் படித்தவன். பெண்ணின் அப்பா நாலு மணிக்கு அவன் வீட்டுக்கு வருகிறார்.

"ஒரே ஒரு குப்பிடே! நாலு மணிக்கு இனியும் எத்தர நேரம் கிடக்கு!" என்றான் வியாபாரி மகன்.

அந்த ஒரு குப்பியிலேயே சவடால்காரன் தன் அம்மாவைக் கூப்பிட்டு அழுதான். ஊமையோ நாலு குப்பி குடித்துவிட்டு, பெஞ்சில் ஏறி இங்கிலீஷில் பிரசங்கம் செய்தான். கடையே கைதட்டியது.

மூன்றரை ஆகிவிட்டது. அழுதவனைப் பெஞ்சிலேயே தூங்கவிட்டு, இவனை ஒரு குளத்தில் முக்கியெடுத்தேன். வாடை போகவில்லை. விபூதி கள்ளு வாடையை அமுக்கும் என்பது எங்கள் வண்டிப்பேட்டையில் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. நெற்றி முதல் வயிறு வரை பூசினேன்.

"கொச்சு சாமி, என்ன கேட்டாலும் வாயத் தொறந்து மிண்டப்பிடாது. தலைய மட்டும் ஆட்டணும், கேட்டேளா?"

ஆட்டினான். அவன் வீட்டில் பெண்ணின் அப்பா கேட்டதற்கெல்லாம் ஆட்டினான். வாடையை அமுக்கியது விபூதியா, அவர் போட்ட மூக்குப்பொடியா, தெரியாது. வாசலில் குதிரைக்குப் புல் போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பையன் சிவப்பழமா இருக்கானே" என்று அவர் எழுந்தார். "என் பொண்ணு சிரிச்சு விளையாடற குழந்தை. சன்னியாசிக்கு எப்படிக் குடுப்பேன்?"

"மாமா!" பையன் வாயைத் திறந்துவிட்டான். "நான் சன்னியாசி இல்லே. நாலு குப்பி கள்ளு குடிச்சிருக்கேன்."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. அவர் வெளியே வந்து என் வண்டியில் ஏறினார்.

"ஸ்டேஷனுக்கு விடப்பா."

கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். கள்ளுக்கடை வந்தது. சனியன் நின்றது. சாட்டையால் தட்டியும் அசையவில்லை.

"இந்தக் கடைதானா?"

"ஆமா சாமி."

ஒரு சிமிட்டா பொடியை நிதானமாக உறிஞ்சினார்.

"நாலு குப்பி உள்ளே போயும் பொய் வரலையே அவனுக்கு. எங்க ஆபீஸ்ல பச்சைத் தண்ணி குடிச்சிண்டே பொய் சொல்றா. வண்டியைத் திருப்பு."

திருப்பினேன். குதிரைக்குத்தான் மனசே இல்லை.